எந்தக் கதை பிடிக்கும்?

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூட வேலை முடிந்தால் அறையில் பொழுதே போகவில்லை. பக்கத்துத் தெரு நூலகத்துக்குப் போனேன். அங்கே நம் மொழிப் புத்தகங்களும் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. நூலகர் அம்மாவும் நம் பாஷைக்காரர்தான். "முன்னாடி எதை ரசிச்சீங்கன்னு சொல்லுங்க, அதே மாதிரி எடுத்துத் தர்றேன்" என்றார். மாலுமிக் கதை, திருட்டுக் கதை, பேய்க் கதை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லியேம்மா!" என்று சிரித்துவிட்டு, மூன்று புத்தகங்கள் தந்தார்.

ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. புத்தகம் மோசமா, என் புத்திதான் மழுங்கிவிட்டதா என்று குழம்பிப்போனேன். இன்று எழுந்து என் போர்வையை மடிக்கும்போதுதான் உறைத்தது. முன்பு ரசித்ததாகச் சொன்ன அந்தக் கதைகள் எதையும் நானாகப் படித்ததே இல்லை. வீட்டில் நான் காய் நறுக்குவேன், நீங்கள் வாசிப்பீர்கள். பேய்க்குக்கூடக் குரல் மாற்றுவீர்கள். எனக்குக் கதை பிடித்ததா, குரல் பிடித்ததா? நூலகரிடம் என்னவென்று சொல்வது?

கவலைப்பட ஒன்றுமில்லை. நேரம் கிடைத்தால் எதையாவது வாசித்து, போனில் பதிந்து அனுப்புங்கள். மருந்துச் சீட்டானாலும் சரி. வேலைக்கு அழைத்துப்போகும் வண்டி வந்துவிட்டது. எதை வாசிக்கட்டும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

உங்களவள்