மொதக் கரண்டி எனக்கு

பரமத்தி வேலூர்
ஞாயித்துக்கெழமை

எங்க அம்மிணி தனப்பிரியாவுக்கு அப்பன் எழுதறது. ஜெர்மனிக் குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ரஞ்சனியும் வெறைச்சுப் போகாம நல்லா இருக்கோணும்னு நம்ம அம்மனைக் கேட்டுக்கறேன். இங்க வெத்தலைக் கொடிக்கால் சௌக்கியம், எருமை சௌக்கியம், பல்லு போனது தவுத்து நானும் சௌக்கியம். நித்தம் வீடியோவுல மூஞ்சி பாத்துக்கறோம், இந்தாளு எதுக்குக் காயிதத்துல கிறுக்கி போட்டோ புடிச்சு அனுப்பறாருன்னு நெனைப்பே. போன்ல பேசறப்ப உங்கம்மா பக்கத்துலயே படுத்துருக்கறா. வாதம் வந்து பேச்சும் வலக்கையும் போச்சே ஒழிய காது ரெண்டும் போலீஸ் நாய் காதாட்டம் இருக்குது. அவ காதுல உழுகக் கூடாத நாயம் ஒண்ணு இருக்குது. எட்டாவது பெயிலானவன் எழுத்து, தப்பு கெடந்தா சிரிச்சுக்க.

நீ அனுப்புன ஓட்ஸ் கதையை மொதல்ல கேளு. தண்ணியாட்டம் குடுத்தாப் பொறையேறும், சோறாட்டம் குடுத்தா தொண்டையில நிக்கும், கூழாட்டம் குடுங்கன்னு டாக்டரு சொன்னாரு. நீயும், அவசரத்துக்கு அதுதான் அப்பா, ஒரு டம்ளருக்கு மூணு டம்ளர் தண்ணி, அஞ்சு நிமிசம் கிண்டுனா முடிஞ்சுதுன்னு பாடம் நடத்துனே. இங்க வெடியால எலை கிள்ள ஆளுக வந்துருவாங்க, வாடறதுக்குள்ள கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்போணும், அந்த ஓட்டத்துல எனக்கு அடுப்படி வேலை. மொத நாள் அரிசியைக் களையறாப்புல நாலு தண்ணி ஊத்திக் களைஞ்சு, வேக வெச்சு, தட்டத்தை வெச்சு மூடிக் கஞ்சி வடிச்சுப்போட்டேன். பாத்தா சட்டியில ஒண்ணுமே இல்ல, பூராவும் எருமையோட கழனித் தொட்டிக்குப் போயிருச்சு. எருமை அன்னைக்கு என்னைப் பாத்த பார்வை இருக்குதே, கண்ணாலத்தன்னிக்கு உங்கம்மா கூட என்னை அப்படிப் பாக்கல. எலை கிள்ற அத்தாயி அதைப் பாத்துட்டுக் கொடிக்கால் பூராவும் சொல்லிச் சிரிச்சா.

அப்பறம் பதமாக் கிண்டப் பழகிட்டேன். ஆனா உங்கம்மா வாயைத் தொறக்கல. பல்லைக் கடிச்சுட்டு சொவத்துப் பக்கம் திரும்பிக்கறா. வெல்லம் போட்டேன், மோர் ஊத்துனேன், சீரகம் வறுத்துத் தூவுனேன், ஒண்ணும் நடக்கல. இப்படியே போனா மூக்குல டியூப்பு போடோணும்னுட்டாரு டாக்டரு. உங்க பெரியம்மா செல்லியம்மாள் அதைப் போட்டுக் கெடந்ததைப் பாத்துட்டு வந்த அன்னைக்கே, எனக்கு இது வேண்டாம்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனவ உங்கம்மா. எனக்கு அதுதான் பயம். ஒரு நாள் பொறுக்க மாட்டாம, இதுல என்ன வெசமா இருக்குதுன்னு நானே ஒரு கரண்டி அள்ளி வாயில போட்டேன். போஸ்டர் ஒட்டற பசையேதான். முழுங்கிட்டுத் திரும்பிப் பாத்தா உங்கம்மா வாயைத் தொறந்துட்டு இருக்கறா. அத்தாயிதான் சொன்னா, ஏனுங்க, நீங்க திங்காம அக்கா என்னைக்குங்க தின்னுருக்கறாங்கன்னு. கண்ணாலமான நாள்ல இருந்து நான் உண்டு எந்திரிச்ச பின்னாலதான அவ வட்டல்ல போட்டுக்குவா, சந்தைக்குப் போயி மத்தியானம் தாண்டி வந்தாலும் வெறும் வயித்தோட உக்காந்துருப்பா, எத்தனை வைதிருக்கறேன். பேச்சு போயும் அந்த வீம்பு போகல பாரு. அன்னைக்கு இருந்து மொதக் கரண்டி எனக்கு, ரெண்டாவது அவளுக்கு. நான் ருசிச்சுத் திங்கறாப்புல நடிக்கோணும், மூஞ்சி சுளிச்சாக் கண்ணாலயே சிரிப்பா. அப்படியே டியூப்பைத் தள்ளிட்டு வந்தோம்.

இப்பச் சொல்ல வந்ததைச் சொல்றேன் சாமி. போன வாரத்துல இருந்து நான் தின்னாலும் அவ தொறக்கறதில்ல. அவ பாக்கப் பாக்கக் கிண்ணம் பூராவும் தின்னு காமிச்சேன். முடிக்கற வரைக்கும் பாத்துட்டே இருந்தா. அப்பறம் நல்லா இருக்கற கையால என் வாயைத் தொடைச்சு உட்டுட்டு, கண்ணை மூடிக்கிட்டா. வம்பு பண்றான்னு வைதுட்டேன். வம்பு இல்ல அம்மிணி. டாக்டரு ஊட்டுக்கே வந்து பாத்துட்டு, என்னை வாசலுக்குக் கூட்டிட்டுப் போயி, டியூப்பு போட்டாலும் இனி ரொம்ப நாளைக்குச் சொல்ல முடியாது, என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்கன்னாரு. வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். சொல்லிப்போட்டுக் கொடிக்காலுக்குள்ள போயி நின்னுக்கிட்டேன், உள்ள நல்ல நெழலு, ஆரும் பாக்கல. உனக்கு இது தப்புன்னு தோணுனா வந்து என்னைத் திட்டு, கேட்டுக்கறேன். ஆனா வா. மாசி நோம்பிக்கு வாரேன்னு சொன்னியே, அது வரைக்கும் தள்ளாதே.

கூப்புடறப்ப எப்பவும் போலச் சிரிச்சுட்டே பேசு, லீவு கெடைச்சுது, சும்மா வாரேன்னு சொல்லு, அழுதீன்னா அவளுக்குத் தெரிஞ்சு போயிரும். ஆபீசுக்கு ஓடற அவசரத்துல நின்னுட்டே முழுங்காதே, ரெண்டு நிமிசம் உக்காந்து தின்னு. மூணு பேரும் நூறு வருசம் நல்லா இருக்கோணும். மாப்பிள்ளைக்கு லீவு இல்லீன்னா நீ மட்டும் கெளம்பு. ஒண்ணும் வாங்கியாராதே, பெட்டி கட்டிட்டு நேரம் பண்ணாதே.

உங்கப்பன்
ராசப்பன்