ராட்சசக் கூட்டத்துக்குப் போட்ட உன் அழுகை

என் ஆசை ஸ்டெல்லாக்கா,

நீ பாடின படம் வந்துடுச்சு. நீ செத்துப் போய் எட்டு மாசம் கழிச்சு வந்திருக்கு. "அம்மா குரல் வரும், கவனமா கேளு"ன்னு சொல்லி உன் மக நான்சியையும் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

கதையில ரெண்டு ராஜ்ஜியம். ஒண்ணுல பளிங்கு அரண்மனை, வெள்ளைப் பட்டு, எல்லாரும் நல்லவங்க. அவங்க வரும்போதெல்லாம் வயலின், கூடவே மாதா கோயில் கொயர்ல பாடற மாதிரி நீ இழுத்துப் பாடினது. "இது அம்மா"ன்னு நான்சி காதுல சொன்னேன். புள்ள கை தட்டிச்சு.

அப்புறம் மலைக்கு அந்தப் பக்கத்து ராஜ்ஜியம். கரி பூசின உடம்பு, மண்டையோட்டு மாலை, பச்சை மாமிசம் தின்கிற ராட்சசக் கூட்டம். அவனுங்களுக்கு என்ன பாட்டு தெரியுமா? நம்ம அப்பா செத்தப்ப மர்பி டவுன் வீட்டு வாசல்ல நீ மாரடிச்சுப் பாடின ஒப்பாரி! வார்த்தையை எல்லாம் உருவிட்டு, வெறும் ஓலத்தை மட்டும் வெச்சு, கீழே டிரம்மைப் போட்டு அடிச்சிருக்கான் அந்த மியூசிக் டைரக்டர்.

"சாவு சீனுக்கு"ன்னுதானே உன்கிட்ட கேட்டாங்க? நானும்தான் ஸ்டுடியோவுல பக்கத்துல நின்னேன். நீ பாடி முடிச்சுக் கண்ணைத் துடைச்சப்ப அந்த மியூசிக் டைரக்டரும் துடைச்சானே, அது நடிப்பா? அரண்மனையிலயும் ராஜா சாகறார்க்கா. அதுக்கு வயலின் அழுவுது. பட்டு கட்டினவன் செத்தா வயலின், நம்மள மாதிரி வாய்விட்டு அழுதா ராட்சசனா? எவன் போட்ட சட்டம் இது?

பின் சீட்டுல ஒருத்தன் "சக்கத்தா இருக்கு மச்சா, சூப்பரு!"ன்னு விசிலடிச்சான். நான்சி என் மடியில முகத்தைப் புதைச்சு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. "சித்தி, அவங்க போயிட்டாங்களா?"ன்னு கேட்டா. "போயிட்டாங்கடி"ன்னேன். அதுவும் உங்கம்மாதான்னு சொல்ல எனக்கு வாய் வரலை. நீ பெத்த புள்ளயே உன் குரலுக்குப் பயந்துச்சுக்கா.

நேத்து அந்த மியூசிக் டைரக்டர் போன் பண்ணான். ரெண்டாம் பாகமாம். ராட்சசங்களுக்கு உன்னை மாதிரியே நான் பாடணுமாம். "ரெண்டு கூட்டத்துக்கும் பாடினது எங்க அக்காதான்னு முதல்ல டைட்டில்ல போடுங்க"ன்னேன். "ஐயோ மேடம், ரெண்டும் ஒரே ஆளுன்னா ஜனங்க எப்படி நம்புவாங்க?"ன்னு சிரிக்கிறான். "அப்ப நீயே ஊளையிடுய்யா"ன்னு போனை வெச்சுட்டேன்.

அவனைத் திட்டி என்ன ஆகப்போகுது? டிவியில அந்தப் பாட்டு வந்தா நான்சி இன்னும் அடுத்த ரூமுக்கு ஓடுறா.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் அவளை மடியில உட்கார வெச்சு, அந்த ஒப்பாரியை வார்த்தையோட நானே பாடப்போறேன். "தாத்தா செத்தப்ப உங்கம்மா இப்படித்தான் அழுதா. நீ கை தட்டினதும் அவளுக்குத்தான், பயந்ததும் அவளுக்குத்தான்"னு சொல்லிடுவேன். காதைப் பொத்தினா அவ கையை நான் பிடிச்சு இழுக்க மாட்டேன். அவளா எடுக்கற வரைக்கும் பாடுவேன். சத்தியம்க்கா.

உன் பின்னாடியே பொறந்த,
தங்கச்சி லில்லி