சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் நடுவில்

கிருஷ்ணகிரி,
30.8.92

அன்பு மகள் சாந்தாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் எருமையும் சுகம், உன் சளி விட்டதா என்று எழுதவும். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உன்னால் அமெரிக்காவிலிருந்து வர முடியாததைப் பற்றி உன் அத்தை இரண்டு பேச்சு பேசினாள், சோறு போட்டதும் நிறுத்திவிட்டாள்.

தந்தியில் இவ்வளவு எழுத முடியாது என்பதால் இப்போது எழுதுகிறேன். அன்று நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்தவர் கிருஷ்ணகிரியில் இறங்கவில்லை, எழுப்பிப் பார்த்தால் உயிர் இல்லை. உயிர் போனது எத்தனை மணிக்கு என்று ஜோசியர் கேட்கிறார். எட்டு இருபதுக்கு முன்னால் என்றால் திருவோணம், தோஷமில்லை. பின்னால் என்றால் அவிட்டம், வீட்டை ஆறு மாசம் அடைத்துப் பூட்டிவிட்டு நான் உன் அத்தை வீட்டில் போய் இருக்க வேண்டும். அப்போதுதான் உன் பழைய கடிதம் ஞாபகம் வந்தது. வானத்தில் காமா வெடிப்பு சொல்லாமல் வரும், சில நொடியில் போய்விடும், எட்ட எட்ட நிற்கிற மூன்று சாட்டிலைட்டும் எந்த நொடியில் பார்த்தன என்று ஒத்துப் பார்த்துத்தான் திசையைக் கண்டுபிடிப்போம் என்று எழுதியிருந்தாய். சரி என்று நானும் அந்த பஸ்ஸில் வந்த மூன்று பேரைத் தேடிப் போனேன். லால் பாஷா எட்டு மணிக்குச் சூளகிரியில் இறங்கியவர், அப்பா ஜன்னலைச் சாத்தச் சொன்னார் என்றார். மாதப்பன் எட்டரைக்குக் குருபரப்பள்ளியில் இறங்கியவர், அப்பாவின் கால் வழியில் நீட்டி இருந்தது, மடக்கவில்லை, தாண்டிப் போனேன் என்றார். எட்டு இருபது சரியாக நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது ஆள் பக்கத்து சீட்டு ஜமீர் அகமது. அவர் மணி பார்க்கவில்லையாம். வலது தோளைத் தொட்டுக் காட்டி, "இங்கதாம்மா சாஞ்சிருந்தாரு. தூங்கறாருன்னு நெனச்சி கடைசி வரைக்கும் நான் அசையவே இல்ல" என்றார். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

உங்கள் ஆபீசில் நேரம் தெரிகிறது, இடத்தைத் தேடுகிறீர்கள். எனக்கு நேரம் கிடைக்கவில்லை, இடம் கிடைத்தது. அது போதும் என்று ஜோசியரிடம் சொன்னேன். உன் இஷ்டம் என்று பஞ்சாங்கத்தை மூடினார்.

வெடிப்பு நாளைக்கும் வரும், நீ வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு. வீட்டைப் பூட்டவில்லை, பதிலை இதே விலாசத்துக்குப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கெம்பம்மா