பதினாறு நாள்

நவம்பர் 4, திங்கள்

எட்டு மணிக்கு முன்பதிவுத் தொலைபேசி திறந்தது. எட்டு பத்துக்குள் இன்றைய இடம் எல்லாம் தீர்ந்துவிட்டது. "இனி கூப்பிடுறவங்களுக்கு என்ன சொல்றது டாக்டர்?" என்று வரவேற்பில் இருக்கும் கிளெனிஸ் கேட்டாள். கிளினிக்கில் என் கூட்டாளி டாக்டர் ஓய்வுபெற்று ஐந்து மாதம். பதிவுசெய்த ஐந்தாயிரம் பேருக்கு நான் ஒருத்திதான். விளம்பரம் கொடுத்தும் ஒரு மனுகூட வரவில்லை.

இருபத்தெட்டாவது ஆளாக டெஸ்மண்ட் ஆக்ராய்ட். பேருந்து ஓட்டுநர், அறுபத்தொரு வயது. மனைவி பெரில் பிடிவாதம் பிடித்து அனுப்பினாளாம்.

"ரொட்டி இங்க வந்து நின்னுடுது டாக்டரம்மா," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "சூப்புன்னா இறங்கிடுது. அவ சூப்பு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது, அதான் எடை குறையுது."

சிரித்தேன். புற்றுநோய்ச் சந்தேகம், உடனே கூப்பிட்டுப் பாருங்கள் என்று மருத்துவமனைக்கு அவசரப் பரிந்துரைக் குறிப்பு அனுப்பினேன்.

நவம்பர் 12

நாற்பத்தாறு பேர். மதியச் சாப்பாடு ஒரு வாழைப்பழம். படிக்காத கடிதங்கள் 190.

நவம்பர் 20, புதன்

டெஸ்மண்டின் குறிப்பு திரும்பி வந்திருக்கிறது. இன்றல்ல. ஆறாம் தேதியே. "படிவம் பழையது, புதியதில் அனுப்பவும்." அவ்வளவுதான். இருநூறு கடிதங்களுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

மருத்துவமனைக்குப் பேசினேன். நாற்பது நிமிடம் காக்கவைத்த பிறகு ஒரு பெண்: "புதுப் படிவத்துல அனுப்புங்க, இன்னிக்குத் தேதியிலேர்ந்து கணக்கு வச்சுக்கிறோம்."

அனுப்பினேன். ஆனால் இன்றிலிருந்து கணக்கு! பதினாறு நாள் போச்சே. அந்த மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? படிவத்தைப் பார்க்காமல் எடுத்தது யார்? நான்தானே. கடிதத்தைத் திறக்காதது யார்?

நவம்பர் 21

தொலைபேசியில் சொல்ல மனம் ஒப்பவில்லை. மதியம் டெஸ்மண்டின் வீட்டுக்கே போனேன். கோட்டைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே சொல்லி முடித்தேன்.

பெரில்தான் முதலில் பேசினாள். "உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படிக் கடிதத்தைத் தூங்க விட்டிருப்பீங்களா?"

"விடு பெரில். அந்தம்மா வந்து சொல்லுதுல்ல," என்றார் அவர்.

"சொன்னா ஆச்சா? போன நாளு திரும்பி வருமா?"

அவர் எழுந்து தண்ணீர் கொதிக்க வைத்தார். எனக்குத் தேநீர். அவர் குடிக்கவில்லை. அதுவும் இறங்கவில்லையா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

டிசம்பர் 5

டெஸ்மண்டுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கல்லீரலிலும் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை.

நிபுணரிடம் கேட்டேன், முன்பே பார்த்திருந்தால்? "பதினாறு நாள்ல பெரிசா மாறியிருக்காது," என்றார். பிறகு, "அனேகமா."

அனேகமா. அந்த ஒரு சொல்லை நான் எங்கே வைத்துக்கொள்வது?

டிசம்பர் 13

காலையில் காரை நிறுத்தினேன். இறங்க முடியவில்லை. மழையில் வாசலில் பதினைந்து பேர் வரிசை, குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. காய்ச்சல்காரர்கள் மேல் கோபம்! கிளெனிஸ் வந்து கண்ணாடியைத் தட்டினாள். குடையை மட்டும் பிடித்தாள்.

டிசம்பர் 16

விலகல் கடிதம் அனுப்பிவிட்டேன். மூன்றரை மாத அவகாசம். மார்ச் 31 கடைசி நாள்.

ஜனவரி 9

டெஸ்மண்டை வீட்டில் பார்த்தேன். வலி மருந்தைக் கூட்டினேன். "நம்ம வண்டி தாமதமானா ஜனங்க என்னைத்தான் திட்டும் டாக்டரம்மா. வண்டி குடுக்காதவனை யாரும் திட்டினதில்ல," என்றார். பெரில் அடுத்த அறையிலிருந்து வரவே இல்லை.

பிப்ரவரி 8

டெஸ்மண்ட் காலையில் போய்விட்டார்.

பிப்ரவரி 17, திங்கள்

பத்து நாற்பதுக்குப் பட்டியலில் பெரில் ஆக்ராய்ட் என்று இருந்தது.

உட்கார்ந்தாள். "வேற டாக்டர் கேட்டேன். யாரும் இல்லையாம்."

படபடப்பாம், தூக்கமில்லையாம். இரத்த அழுத்தம் மிக அதிகம். கைப்பட்டையைக் கழற்றும்போது கேட்டாள்: "அந்தப் பதினாறு நாள் இருந்திருந்தா பொழச்சிருப்பாரா?"

"தெரியல பெரில். பெரிசா மாறியிருக்காதுங்கறாங்க. உறுதியா எனக்குத் தெரியல."

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "எல்லாரும் மாறியிருக்காதுன்னே அடிச்சுச் சொல்றாங்க. எனக்குக் கேக்க ஆத்திரமா வருது."

பிறகு அழுதாள். பத்து நிமிட இடம் அரைமணி ஆனது. வெளியே முணுமுணுப்பு கேட்டது. கேட்கட்டும் என்று விட்டேன்.

கிளம்பும்போது, "அடுத்த மாசம் உங்ககிட்டயே வரேன். மறுபடி முதல்லேர்ந்து இன்னொருத்தர்கிட்ட சொல்ல என்னால ஆகாது," என்றாள்.

மார்ச் 31-இல் நான் விலகும் அறிவிப்பு நோயாளிகளுக்கு அடுத்த வாரம்தான் போகிறது. சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும்.

"வாங்க," என்றேன்.

கிளெனிஸ் சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தாள்: மார்ச் 27. பெரில் அதை மடித்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தாள்.