அப்பா வருவதற்குள் அடித்த பச்சை

சுதா அக்கா,

சாவி மீட்டர் பெட்டிக்குள். கஞ்சி குக்கரில் இருக்கிறது. உப்புப் போடாதே, டாக்டர் உத்தரவு. இதய ஆபரேஷன் முடிந்த அப்பாவை அழைத்துவரக் கிளம்புகிறேன்.

இமயமலை யாத்திரையிலிருந்து கொண்டுவந்து வாசலில் நட்டாரே, அந்த ஊசியிலை ஃபிர் மரம் முழுசாகக் காய்ந்துவிட்டது. பனியையே தாங்குகிற மரத்துக்கு உத்திரமேரூர் வெயில் எம்மாத்திரம் என்றார். மரத்திடம் யாரும் சொல்லவில்லை போல. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "இது பச்சையா கீற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவாதுடா" என்றது உனக்கும் நினைவிருக்கும்.

அதனால் உன் பச்சைக் கோலப்பொடியைக் கரைத்து, வயலுக்கு மருந்தடிக்கிற டேங்கில் ஊற்றி, மரம் முழுக்க அடித்துவிட்டேன். தள்ளி நின்று பார்த்தால் நம்பலாம். "உண்மைய சொல்லிட்லாம்டா" என்று நேற்று நீ போனில் அழுதாய். நான் சிரித்தேன். அதற்கு நாளைக்கு என்னை அடி. இன்றைக்கு அவரை மரத்தைத் தொட விடாதே.

தமிழரசன்

பி.கு: அப்பா போன் செய்தார். வந்ததும் மரத்துப் பக்கத்தில்தான் உட்காருவாராம். நாற்காலி போட்டு வைக்கச் சொன்னார்.

இன்னொன்று: தூறல் போடுகிறது. பச்சைத் தண்ணீர் வாசல்படி வரை வந்துவிட்டது. காரை மெதுவாக ஓட்டச் சொல்கிறேன். நீ படியைக் கழுவிவிடு. மரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை, அக்கா.