தெற்குப் பார்த்த சாமி

கந்தர்வக்கோட்டை பக்கம்,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணான பேத்தி அமுதவல்லிக்கு அப்பத்தா மீனம்மாள் எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம்தான். என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. சென்னையில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் பொய் சொல்லுவாய், அதனால் கேட்கவில்லை.

போன் இருக்கையில் கடுதாசி எதற்கு என்று சிரிக்காதே. போன வாரம் நீதான் போனில் கத்தினாய். சோலார் தகடு தெற்குப் பார்த்து இருக்கணும்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், பள்ளிக்கூடத்துல ஏன் கிழக்குன்னு வரைஞ்சு அனுப்புனாங்க, சோலார் மனு திரும்பி வந்துருச்சே என்று. நான் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் அப்பத்தா என்று வைத்துவிட்டாய். கடுதாசியை அப்படி நடுவில் வைக்க முடியாது. மூன்றாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, பொறுமையாகக் கூட்டிப் படி.

நடந்தது இதுதான். நீ சொன்னதை வைத்துப் பெரிய டீச்சர் அருளம்மாள் பள்ளிக்கூடத்துக் குழுவைக் கூட்டினார்கள். என்னோடு இருக்கிற உன் சித்தப்பா மகள் ராஜலட்சுமியின் அப்பாவும் அம்மாவும் குவைத்தில் இருப்பதால் அவளுக்காக நான்தான் அந்தக் குழுவில் உட்காருகிறேன். மொட்டைமாடியில் சோலார் வைத்தால் பகலில் கரண்ட் போனாலும் மோட்டார் ஓடும், கக்கூசுக்குத் தண்ணீர் ஏறும், செலவு அரசாங்கத்தோடது என்று டீச்சர் சொன்னதும் எல்லாருக்கும் சந்தோஷம். எந்தப் பக்கம் பார்த்து வைக்கணும் என்று யாரோ கேட்டார்கள். தெற்கு, அப்போதுதான் பகல் பூராவும் வெயில் விழும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், உன் சின்னத் தாத்தா ரெங்கசாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

அவர் குழுவிலேயே கிடையாது. தலைவி அவர் மருமகள் சுகுணா. நாற்காலியில் மருமகள் இருப்பாள், வாய் மாமனாருடையது. புள்ளைங்க படிக்கிற எடத்துல எமன் தெசையப் பாத்து எதையாச்சும் வைப்பாங்களா, வீட்டு வாசலையே தெக்க வைக்க யோசிக்கிறோம், கெழக்கப் பாத்து வைங்க, சூரியன் அங்கிட்டுத்தானே உதிக்கிறான் என்றார். எல்லாத் தலையும் ஆடியது. அருளம்மாள் டீச்சர் ஆவூரிலிருந்து பஸ் மாறி வருகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். நம்ம சாமி சாஸ்திரத்தை எதிர்த்து அவர்கள் எப்படிப் பேசுவார்கள்? கிழக்கு என்றே வரைந்து அனுப்பினார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ளாதே.

நீ ஏன் பேசலை என்று என்னைக் கேட்பாய். அந்த மனுசனோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது என்று உனக்குத் தெரியாதா? நீ திருச்சியில் காலேஜ் சேர்ந்த வருஷம், பங்குனித் திருவிழாப் பந்தி. எனக்கு எதிர் இலையில் பச்சைக்கரை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பூசணிக்காய்க் கூட்டைப் பிசைந்துகொண்டே, பொட்டப்புள்ள கரண்ட்டு படிச்சு ஊருக்கு வெளிச்சம் காட்டப் போகுதாக்கும் என்றார். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன். நீ பாதி இலையில் எழுந்து போனாய். அதற்குப் பிறகு திருவிழாவுக்கு நீ வரவேயில்லை. கேட்டால் மீட்டிங். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறாய், மாடி ஏறி நின்று போட்டோ பிடித்து அனுப்புகிறாய். நம்ம ஊருக்கு மட்டும் எல்லாம் போனில்தான். நான் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

மாதக் கடைசிக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் இந்த வருஷம் கிடையாது என்று டீச்சர் சொன்னார்கள். உனக்கு ஒன்று தெரியணும். ராஜலட்சுமி காலையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல்தான் பள்ளிக்கூடம் போகிறாள். எட்டாவது படிக்கிற பொம்பளைப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தானாம். குடித்தால் ஒதுங்கணும், அங்கே தண்ணீர் இல்லை. மாதத்தில் அந்த நாள் வந்தால் வீட்டோடு கிடக்கிறாள். பாடம் போச்சே என்று அழுகை வேறு. நான் சுகுணாவிடம் போய், தெற்கு என்று தீர்மானத்தை மாத்திப் போடு ஆத்தா என்றேன். மாமா சொல்லாம எப்பிடி அத்தை என்று முந்தானையைத் திருகினாள்.

வியாழக்கிழமை சிவன் கோவிலுக்குப் போனேன். அங்கே உன் சின்னத் தாத்தா தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை போட்டுக் கண்ணை மூடி நிற்கிறார். எதற்கு என்று குருக்களைக் கேட்டேன். சுகுணா மகளுக்குப் பரீட்சையாம், பேத்தி நல்லாப் படிக்கணும் என்று வேண்டுதலாம். எனக்கு வந்த கோபத்தில் எதிரே இருந்த சாமியைப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சாமி எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கு, நீயே சொல்.

நேரே அவரிடம் பேசினால் இத்தனை வருஷ வைராக்கியம் என்ன ஆவது? அதனால் சாமியிடம் பேசினேன், சத்தமாகவே. ஏஞ்சாமி, படிப்புச் சொல்லித் தர்ற நீயே எமன் தெசையப் பாத்து உக்காந்திருக்கியே, அது ஆகாதாமே, பெரிய மனுசர் சொல்றாரு, எந்திரிச்சுக் கெழக்க திரும்பி உக்காரப்பா என்றேன். குருக்கள் விபூதித் தட்டோடு சிரித்துவிட்டார். உன் சின்னத் தாத்தா என் பக்கம் திரும்பவில்லை. அவரும் சாமியிடமே சொன்னார். இந்தப் பொம்பளைக்குக் காலுக்குத்தான் வயசாச்சு, வாய்க்கு ஆகலையே சாமி என்று. நான் விடவில்லை. அவரு பேத்தியும் ராஜியோடதான் படிக்குது, அதுவும் பொழுதுக்கும் தாகத்தோட உக்காந்துட்டுத்தான் வருது, வீட்டுல என்னைக்காச்சும் கேட்டாரான்னு கேளு சாமி என்றேன்.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பிராகாரம்கூடச் சுற்றாமல் வெளியே போனார்.

மறுநாள் விடிந்ததும் சுகுணா ஓடி வந்தாள். மாமா ராத்திரி பிள்ளையைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாராம். அப்புறம் கை கழுவிக்கொண்டே, தெக்குன்னே எழுதித் தொலைங்க என்றாராம். தொலைங்க என்று சொன்னாலும் எழுதச் சொன்னாரே. அன்றைக்கு மத்தியானமே குழு கூடியது. டீச்சர் புதுசாக வரைந்தார்கள். சுகுணா கையெழுத்துப் போட்டாள், நானும் மீனம்மாள் என்று முழுப் பெயரையும் புள்ளி விடாமல் போட்டேன். மனு போய்விட்டது. இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று என் மனசு சொல்லுது. மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொட்டியும் கேட்கலாமா என்று டீச்சர் உன்னைக் கேட்கச் சொன்னார்கள்.

பங்குனியில் மாடியைப் பார்க்க ஆபீசர் வருகிறாராம், திருவிழா வாரம்தான். ஊர் ஆட்கள் ஆளுக்கு ஒன்று கேட்பார்கள், விவரம் சொல்ல அமுதவல்லி வந்தால் தேவலை என்கிறார்கள் டீச்சர். சுகுணா போகும்போது, அந்தப் புள்ள வருமான்னு மாமா கேட்டாரு என்றாள். அவர் சொல்லிவிடுகிற சேதியை எல்லாம் நான் சுமக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சுமக்கவில்லை, எழுதத்தான் செய்திருக்கிறேன்.

நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பச்சைக்கரை வேட்டி அப்படியே என் கண்ணில் நிற்கிறது. அந்தக் கோபத்தை நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். நீயும் ஒன்று வைத்திருக்க வேண்டாம் தாயி, வீட்டுக்கு ஒரு ஆள் போதும்.

முந்திரி எல்லாம் பூத்துக் கிடக்கிறது. கந்தர்வக்கோட்டையில் இறங்கினால் யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். வா. பந்தியில் அந்த மனுசனுக்கு எதிர் இலையில் உட்காரு. கூட்டும் பாயசமும் கேட்டு வாங்கி, முழு இலையும் சாப்பிட்டுவிட்டு எழுந்திரு. நான் பக்கத்து இலையில் இருப்பேன்.

ஊருக்கு வெளிச்சம் காட்டுகிற பிள்ளை நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அப்பத்தா
மீனம்மாள்