எது கள்ளத்தீன்

3-2-86 திங்கள்

விடியச் சரியான பனி. ஏழு மணி வரைக்கும் வேலி தெரியேல்லை.

சங்கக்கடைக்குப் போய் மூட்டை நிறுக்கிற தராசில ஏறினன். இந்தப் புங்குடுதீவில என்னைத் தாங்கிற தராசு வேற எங்க கிடக்கு. மனேச்சர் சத்தம் போட்டு வாசிச்சார்: "ரீச்சர், ஒரு அந்தரும் அம்பத்திரண்டு இறாத்தலும்!" மா வாங்க நிண்ட சனம் முழுக்கத் திரும்பிப் பாத்துது. கோதாரி விழுந்த மனுசன். நூத்தி அறுபத்திநாலு இறாத்தலுக்கு நானென்ன சீமெந்து மூட்டையோ.

எல்லாம் இவரால, என்ர மனுசனால. சவூதியிலயிருந்து கடிதம். போன மாசம் அனுப்பின படத்தைப் பாத்திட்டு எழுதியிருக்கிறார்: "நடுவில நிக்கிறது நீரோ, அம்மாவோ?" மாமிக்கு வாசிச்சுக் காட்டினன். "என்னைப்போல எண்டால் என்ன குறை?" எண்டு அவவுக்குக் கோவம். எனக்கு முதல் அழுகை, பேந்து எரிச்சல். சித்திரை வருசத்துக்கு வாறாராம். வந்து பாக்கட்டும்.

ஆசுப்பத்திரி அப்போதிக்கரி ஐயா சொன்னது:
காலமை – குரக்கன் றொட்டி 1, சம்பல் இல்லை
மத்தியானம் – சோறு ஒரு கோப்பை, இலைக்கறி
பின்னேரம் – பிளேன் ரீ, சீனி இல்லை
இரவு – பப்பாசிப்பழம்
தேங்காய்ப்பூ, பொரியல், பனங்கட்டி – கண்ணாலும் பாக்கப்படாது

நாலு மணிக்குப் பனங்கட்டிப் பெட்டியைத் திறந்தன். கண்ணால பாத்தன், அவ்வளவுதான்.

5-2-86 புதன்

வெயில். ஒன்பதாம் வகுப்புக்கு மனையியல் செய்முறை, பயத்தம் பணியாரம். இருபத்திரண்டு பிள்ளையள், இருபத்திரண்டு தட்டு. ருசி பாக்காமல் எப்பிடிப் புள்ளி போடுறது?

கடிச்சு, மென்று, கைலேஞ்சிக்குள்ள துப்பினன். எட்டாவது தட்டில துப்ப மறந்திட்டன். ஒன்பதாவதில மறக்கேல்லை, வேணுமெண்டுதான் விழுங்கினன்.

கேள்வி: தொழிலுக்காகத் திண்டது கள்ளத்தீனோ?
மறுமொழி: இல்லை.
மேசை லாச்சிக்குள்ள ஒளிச்சு வைச்சு, பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு திண்ட ரெண்டு? அது ஓம்.

சவர்க்காரம் முடிஞ்சுது. வாங்கவேணும்.

7-2-86 வெள்ளி

இண்டைக்கு ஒரு விசர் வேலை பாத்திட்டன்.

பக்கத்து வளவுத் திலகக்கா வீட்டில மோதகம். அவவின்ர மனுசன் கனகண்ணை சிங்களப் பக்கம் கடை வைச்சிருந்தவர். 83 ஆடிக் கலவரத்தில கடை எரிஞ்சது. ஆள் என்ன ஆனார் எண்டு இண்டு வரைக்கும் ஒரு சேதி இல்லை. திலகக்கா பொட்டும் தாலியும் கழட்டேல்லை, திவசமும் செய்யேல்லை. "செத்ததை ஆர் கண்டது?" எண்டு கேப்பா.

தட்டை நீட்டினா. நான் தொடேல்லை.

"என்ன பிள்ளை, ஒண்டும் எடுக்கிறீரில்லை?"

உடம்பு குறைக்கிறன் எண்டு சொன்னால் நாளைக்கு ஊர் முழுக்கப் பகிடி. வாயில வந்ததைச் சொன்னன். "நேத்திக்கடன் அக்கா, விரதம். நயினாதீவு அம்மாளுக்கு."

"என்ன நேத்தி?"

"போன ஆள் வீடு வந்து சேரவேணும் எண்டு."

நான் சொன்னது சவூதியில இருக்கிற இவரை. அவ தட்டைக் கீழ வைச்சா. என்ர ரெண்டு கையையும் பிடிச்சா. "என்ர மனுசனுக்காகவோ பிள்ளை? இவ்வளவு நாளில எனக்காக ஒரு சீவன் பட்டினி கிடக்கேல்லையே." ஒரே அழுகை.

இல்லை எண்டு சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை. தண்ணியைக் குடிச்சிட்டு வந்திட்டன்.

10-2-86 திங்கள்

காத்து. வேலிக் கிடுகு ஓலை ரெண்டு பறந்திட்டுது.

திலகக்கா ஒவ்வொரு நாளும் வேலியடியில நிண்டு கேக்கிறா, "இண்டைக்கு என்ன சாப்பிட்டனீர்?" அப்போதிக்கரிக்குப் பயப்பிடாத நான் இவவுக்குப் பயப்பிடுறன். மாமிக்கும் கதை போயிட்டுது. மருமகளுக்கு நல்ல மனம் எண்டு பெருமை. எனக்கு வெக்கமா இருக்கு.

உடம்புக்கு ஒரு வகையில நல்லதுதான் எண்டும் நினைச்சன். அதுக்கும் வெக்கம்.

12-2-86 புதன்

பள்ளிக்கூட அதிபரின்ர பிறந்தநாள். பதினொண்டேகால் இன்ரேவலுக்குக் கேக் வெட்டினவை. ரெண்டு துண்டு திண்டன், மூலையில நிண்டு, சுவரைப் பாத்துக்கொண்டு.

பின்னேரம் திலகக்கா ஓடி வந்தா. மூச்சு வாங்குது. மத்தியானப் பஸ் கொண்டக்ரர் சொன்ன கதையாம். ஒராள் புங்குடுதீவுக்கு ரிக்கற் எடுத்தவராம். எங்கட தீவுக்கு வாற பாலத்து நடுவில மணியடிச்சு இறங்கினவராம். அங்க ரெண்டு பக்கமும் கடலைத் தவிர என்ன கிடக்கு? இறங்கி, இஞ்சால வராமல் வேலணைப் பக்கமாத் திரும்பி நடந்தவராம்.

"எத்தினை மணிக்காம் அக்கா?"

"பதினொண்டேகால் எண்டவன். நீர் ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே பிள்ளை?"

"இல்லை."

பொய் சொல்லேக்க வாயில கேக் மணம். அவவுக்கு மணத்திருக்கும்.

17-2-86 திங்கள்

அஞ்சு நாள் ஒரு பிழையும் விடேல்லை. பயம்தான். ஆனால் புதினம் என்னெண்டால் பசியே இல்லை. முதல் வாரம் வயிறு பிராண்டிச்சுது. இப்ப வெறும் வெளி. சோத்துக் கோப்பையில பாதி மிஞ்சுது. இவ்வளவு பசியும் எங்க போனது?

சட்டை தளருது. கண்ணாடிக்கு முன்னால ரெண்டு தரம் திரும்பிப் பாத்தன். வடிவு.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒண்டு வந்து சொல்லுது: "ரீச்சர், சந்தியில ஒராள் உங்களைக் கேட்டவர்."

"ஆர்?"

"தெரியாது ரீச்சர். 'ரீச்சர் சாப்பிட்டிட்டாவோ?' எண்டு கேட்டவர். இன்னும் இல்லை எண்டனான். நல்லது எண்டிட்டு நிண்டவர்."

"எப்பிடி ஆள்?"

"வெயிலுக்கதான் நிண்டவர், வேர்க்கேல்லை. சேட்டில எரிஞ்ச மணம். பொங்கல் அடிப்பிடிச்ச மாதிரி."

பிள்ளைக்குக் கொப்பியைக் குடுத்து அனுப்பினன். சந்தியால போகாமல் வயலுக்குள்ளால வீட்டை வந்தன்.

21-2-86 வெள்ளி

நான் மனையியல் படிச்சனான். ஒண்டை நம்பிறதெண்டால் செய்து பாத்துத்தான் நம்புவன். நான் திண்டால் அந்தாள் பின்னுக்குப் போகுதோ எண்டு நாலு நாளாச் செய்து பாத்தது:

உப்புப் பாக்க நாக்கு நுனியில வைச்சுத் துப்பினது – திலகக்கா ஒண்டும் சொல்லேல்லை. கள்ளத்தீன் இல்லை.

துப்பினாப் பிறகு எச்சில் விழுங்கினது – "சந்தியால ஒரு எட்டுப் பின்னுக்கு வைச்சவர், பிள்ளை." கள்ளத்தீன்.

மாமி வடை பொரிக்க மணந்தது – ஒண்டுமில்லை.

கனவில புட்டும் மாம்பழமும் – ஒண்டுமில்லை. (கனவிலயாவது விட்டாரே.)

பிள்ளையார் கோயில் பஞ்சாமிர்தம், ஒரு விரல் – "வாசல் படலை வரைக்கும் வந்திட்டுத் திரும்பீற்றார். என்ன திண்டனீர்?" கோயில் சாமானெண்டாலும் விடுறாரில்லை.

ஆர் விடுறாரில்லை எண்டு எழுதுறன் நான்? பேனையால எழுதினது. அழிக்கவும் ஏலாது.

எப்பிடித் தெரியுது எண்டு அவவைக் கேட்டன். உச்சி வெயிலுக்கு விறாந்தையில இருந்து வாசல் ஒழுங்கையைப் பாத்தால் தெரியுமாம். "நீர் வடிவா விரதம் இருக்கிற நாள் கிட்ட வாறார். முகம் மட்டும் இன்னும் தெளிவில்லை." சிரிச்சா. ரெண்டரை வருசத்துக்குப் பிறகு அவ சிரிச்சதைக் கண்டன். அந்தச் சிரிப்பைப் பாத்தாப் பிறகு எப்பிடி ஒரு துண்டு பனங்கட்டி தொண்டைக்குள்ள இறங்கும்.

24-2-86 திங்கள்

தராசு. ஒரு அந்தரும் முப்பத்தொரு இறாத்தலும். மூண்டு கிழமையில இருபத்தொரு இறாத்தல். மனேச்சர் ரெண்டு தரம் நிறுத்தார். இண்டைக்குச் சத்தம் போடேல்லை. "ரீச்சர், வருத்தம் ஏதும் இல்லைத்தானே?" எண்டு மெல்லக் கேட்டார்.

பயமும் சந்தோசமும். உள்ளதை எழுதினால், சந்தோசம்தான் கூட.

26-2-86 புதன்

திலகக்கா ரெண்டு நாளாக வேலியடிக்கு வரேல்லை. ஆனால் கதைச்சுச் சத்தம் கேக்குது. "இஞ்சருங்கோ, அந்தக் கிணத்துத் துலா முறிஞ்சதெல்லோ, மாத்தினனான்." "ஓம் ஓம், பெரியவளுக்கு ரெண்டு பிள்ளை." நிப்பாட்டி நிப்பாட்டிக் கதைக்கிறா, மறுமொழி கேட்டுக் கேட்டு. மறுமொழி எனக்குக் கேக்கேல்லை.

மாமி சொன்னா, "பாவம், தலை சுகமில்லாமப் போட்டுது."

வேலி இடுக்கால பாத்தன். மத்தியானம் பன்னிரண்டரை, நல்ல வெளிச்சம். அவ நிலத்தில இருக்கிறா. எதிரில கனகண்ணையின்ர சாய்மனைக் கதிரை. கதிரையில ஆளில்லை. ஆனால் கதிரைச் சீலை தொய்ஞ்சு கிடக்கு, கனம் இருக்கிற மாதிரி, நிலத்துக்கு நாலு விரல் உயரத்தில. காத்துக்கு அசையேல்லை.

குசினிக்குள்ள போய் நிண்டன். எரிஞ்ச மணம். அடுப்பைப் பாத்தன், நெருப்பே மூட்டேல்லை.

28-2-86 வெள்ளி

மாமி ஒடியல் கூழ் காய்ச்சினா, நண்டு போட்டு. எனக்கு உயிர். முன்னால வைச்சுக்கொண்டு இருந்தன். ஒரு கரண்டி குடிச்சால் எல்லாம் முடிஞ்சிடும், கனகண்ணை போயிடுவார், திலகக்காவின்ர சிரிப்பும் போயிடும். குடிக்கிறதோ விடுறதோ எண்டு அரை மணித்தியாலம். ஆசை இருந்தாலாவது குடிச்சிருப்பன். பசியே இல்லாதவளுக்குக் கூழும் ஒண்டு கழுவின தண்ணியும் ஒண்டு.

எழும்பி அவ வீட்டை போனன். கதிரைப் பக்கம் பாக்காமல் படியில நிண்டு சொன்னன். "அக்கா, என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ. அது நேத்தி இல்லை. நான் உடம்பு குறைக்கத்தான் பட்டினி கிடந்தனான். உங்கட ஆளுக்காக இல்லை. வெக்கத்தில சொன்ன பொய்."

ஏசுவா எண்டு நினைச்சன். ஏசேல்லை. முகம் வாடிக் கறுத்து, கண் உள்ளுக்குப் போய்க் கிடந்தது.

"நீர் ஆருக்குச் சொன்னனீரோ எனக்குத் தெரியாது, பிள்ளை. அவருக்குக் கேட்டிட்டுது."

பேந்து குரலைக் குறைச்சா. "மூண்டு நாளாச் சோறு போடுறன். பாத்துக்கொண்டிருக்கிறார். கை வைக்க ஏலாதாம். 'பசிக்குது திலகம், பசிக்குது' எண்டு அது ஒண்டுதான் சொல்லுறார். நான் கதைக்கிறதெல்லாம் நானே கேட்டு நானே சொல்லுறது. அந்தப் பசி அவற்ற இல்லை. செத்த ஆளுக்கு ஏது பசி? அது உம்மட."

செத்த ஆள். அவ வாயால அந்தச் சொல்லை நான் இதுக்கு முன்னம் கேட்டதில்லை.

"ஞாயிறு வாரும்" எண்டா. "வெறும் வயித்தோட வாரும்."

2-3-86 ஞாயிறு

வெயில். காத்தில்லை. மத்தியானம் போனன்.

திலகக்கா தோஞ்சு, வெள்ளைச் சீலை. நெத்தியில ஒண்டுமில்லை. விடியத்தொட்டுத் தனியச் சமைச்சிருக்கிறா: நண்டுக் கறி, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, மரவள்ளி, அவருக்குப் பிடிச்சதெல்லாம். ரெண்டரை வருசத்துக்கு முன்னம் செய்யவேண்டிய படையல். விளக்கு, தேங்காய், தலைவாழையிலை. கதிரைக்கு முன்னால படைச்சுக் கும்பிட்டா. அழேல்லை.

பேந்து அந்த இலையை இழுத்து எனக்கு முன்னால வைச்சா.

"சாப்பிடும். அவரால ஏலாது. உம்மட பசியை நீர் திருப்பி எடும்."

முதல் கவளம் மண் மாதிரி. விழுங்கினன். அவ ஒழுங்கைப் பக்கம் பாத்துக்கொண்டிருந்தா.

"எழும்பீற்றார்."

கதிரைச் சீலை மெல்ல மேல வந்தது. நான் கண்டனான். பொய் எழுதேல்லை.

ரெண்டு, மூண்டு கவளம். "விறாந்தையால இறங்கீற்றார்." நண்டுக் கால் கடிச்சன். "கிணத்தடி." வயித்துக்குள்ள என்னவோ பிராண்டத் துவங்கிச்சுது, ஒரு மாசமாக் காணாத பசி. அள்ளி அள்ளித் திண்டன். "படலை." அவ போட்டா, நான் திண்டன். "சந்தி." பேந்து பசி அடங்கி, வயிறு முட்டி, தொண்டை மட்டும் வந்திட்டுது.

"ஏலாதக்கா."

"பாலத்தில நிக்கிறார். திரும்பிப் பாக்கிறார், பிள்ளை. நான் இஞ்ச நிக்கிறன் எண்டு போகமாட்டாராம். இன்னும் ஒரு வாய்."

அவவே குழைச்சு உருட்டி என்ர வாயில வைச்சா. கண்ணீர் என்ர கன்னத்திலயும் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினன்.

"போயிட்டாரோ அக்கா?"

அவ ஒழுங்கையைப் பாத்து ஓம் எண்டு தலையாட்டினா. கடைசியா என்ர இலையில மிஞ்சிக் கிடந்ததை வழிச்சு, ஒரு பிடி, தன்ர வாயில போட்டா. படைக்கிற சமையலை முன்னம் ருசி பாக்கிறேல்லைத்தானே. மென்றா. நிப்பாட்டினா. என்னை நிமிந்து பாத்தா.

"ஒண்டிலயும் நான் உப்புப் போடேல்லையே பிள்ளை. எப்பிடிச் சாப்பிட்டனீர்?"